அழவா அஞ்சுகிறோம்?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களிலே தெருக்கூத்து நடக்கும் இரவுகளை நாம் அறிவோம். கர்ண மோட்சம் ஆடுவார்கள். விடியும் நேரத்தில் கர்ணன் களத்திலே சாய்வான். தாய்மார்கள் முந்தானையால் கண்களைத் துடைப்பார்கள், எழுந்து போகமாட்டார்கள். இந்த மக்களைப் பார்த்தா, "இவர்கள் சோகத்தைத் தாங்கமாட்டார்கள், நெஞ்சைப் பிழியும் படம் இங்கே எடுபடாது" என்று தீர்ப்பு எழுதுகிறார்கள்?

1961-இல் வந்தது பாசமலர். அண்ணனும் தங்கையும் மடியும் கதை. தமிழகமே சென்று அழுதது. மீண்டும் சென்று அழுதது. 1965-இல் வந்தது ஜெயகாந்தன் இயக்கிய உன்னைப்போல் ஒருவன். சேரியிலே ஒரு தாய். அவளே உலகமென்று வளர்ந்த மகன். அவள் தனக்கொரு துணை தேடுகிறாள், அவன் குமுறுகிறான். தேசிய விருதும் பெற்ற படந்தான்! ஆனால் கொட்டகைகளிலே அதற்கு இடம் கிடைக்கவில்லை. அங்கே பெருகிய கண்ணீர் இங்கே வற்றியது ஏன்?

கர்ணன் சாவுக்கு விதியைக் காட்டிவிடலாம். பிறப்பைச் சொல்லி அவனை இகழ்ந்தது எந்தச் சமுதாயம் என்று கேட்காமலேயே அழலாம். பாசமலர்க் குடும்பம் சிதைந்ததற்குச் சூழ்ச்சிக்கார அத்தையைத் திட்டித் தீர்த்துவிடலாம். குற்றம் பிறருடையது, கண்ணீர் மட்டும் நம்முடையது! அழுதோம், சுமை இறங்கிற்று, வீடு திரும்பினோம். உன்னைப்போல் ஒருவனிலோ பழிபோடக் கொடியவன் எவனுமில்லை. தலைப்பே நம்மை நோக்கி விரல் நீட்டுகிறது. அங்கே அழுதால் போதாது, நாணவேண்டும். நாம் அஞ்சுவது அதற்குத்தான். அந்த அச்சத்தை ஒப்புக்கொள்ள மனமில்லாத விமர்சகர், "படம் கனம், நடை மந்தம்" என்று எழுதி முடித்துவிடுகிறார்.

மறுப்பவர் எல்லோரும் ஒரே தட்டில் நிற்பவர்களா? அல்லர். பாகூர் வயலிலே பகலெல்லாம் குனிந்து நாற்று நட்ட பெண், காசு கொடுத்துத் தன் துயரத்தையே திரையில் காண மறுத்தால், குறை சொல்ல நாம் யார்? சிரிக்க அவளுக்கு உரிமையுண்டு. வறுமையைக் காட்சிப் பொருளாக்கிப் பரிசு தேடும் படத்தை அவள் ஒதுக்குவதும் நியாயமே. ஆனால், வயிறு நிறைந்த நாம் "பொழுதுபோக்கத்தானே வந்தோம்" என்று எழுந்து போவது ஓய்வு அன்று, ஓட்டம்!

மக்கள் மாறவே மாட்டார்கள் என்பதும் பொய். 2018-இல் மாரி செல்வராஜின் பரியேறும் பெருமாள் சாதியின் கொடுமையைத் திரையிலே வைத்தது. பழிதீர்த்துக் காட்டி நம்மை மகிழ்விக்கவில்லை. அருகருகே இருந்த இரண்டு தேநீர்க் குவளைகளோடு, கேள்வியை நம்மிடமே விட்டு முடிந்தது. மக்கள் அதை வரவேற்றார்கள்.

எனவே, தோழர்களே! இனி ஒரு படம் உறுத்தினால், கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் கலைந்துவிடாதீர்கள். அரைமணி நேரம் நின்று பேசுங்கள். பழுது படத்திலா, அல்லது அது தொட்ட இடத்திலே நமக்குப் புண் இருக்கிறதா என்று கேளுங்கள். விதியின்மேல் பழிபோட்டு விடியவிடிய அழுதது போதும்.