மனமும் ஒரு கருவியே

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடுஞ் சாலைகளிலே சுண்ணாம்பாலுங் குரோமிய உப்பாலுங் கை புண்ணாயினானைக் கண்டோர் இரங்குவர். காலையில் எழுந்து நீராடுதலும் மலையேறுதல் போலாகும் மனநோயாளனையோ, ‘இதுவும் ஒரு துன்பமோ? திடங்கொள்க’ என்பர். அவனும் தன் துயரைச் சொல்ல நாணி ஒடுங்குவன்.

இவ்வுரை சித்தாந்தத்தோடு பொருந்துமா? மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் முப்பத்தாறு தத்துவங்களுள் அடங்குவன. கண்ணுங் காலும் போல மாயா காரியமாகிய கருவிகளேயன்றி உயிராகா. கால் முரிந்தானை ஓடுக என்பது எத்தகையதோ, மனம் நோயுற்றானைத் திடங்கொள்க என்பதும் அத்தகையதே. திடங்கொள்ளுதற்குரிய கருவியன்றோ பழுதுற்றது! வினைப்பயனாதலின் நுகர்ந்தே கழிக்க எனின், கைப்புண்ணுக்கு மட்டும் மருந்திடுவது என்னை?

திருநாவுக்கரசரை வருத்திய சூலையும் பிறர் கண்ணுக்குப் புலப்படாததே. திலகவதியார் அதனை அளந்து பார்த்திலர்; தம்மை அடைந்தவருக்குத் திருநீறளித்து உடனழைத்துச் சென்றார். வேலூர்ப் பாகாயத்தில் 1957ஆம் ஆண்டு தோன்றிய கிறித்தவ மருத்துவக் கல்லூரி மனநல நிலையத்தில், உற்றார் நோயாளரோடு உடனுறைதலும் மருத்துவத்தின் ஒரு பகுதியாகும். உடனிருந்தார்க்கே அத்துயரின் பருமை விளங்கும்.

ஆதலின் அன்பர்காள், பிறர் துயரை நும் மனவலியால் அளவாதீர். பொறுமையோடு கேண்மின், மருத்துவரிடத்தும் திருக்கோயிலிடத்தும் உடன்செல்மின். அதுவும் சிவத்தொண்டே.