சேர்ந்து பிடிக்கும் மிச்சம்

குறிகட்டுவான் இறங்குதுறையில் கொஞ்ச நேரம் நின்றால், யாழ்ப்பாணத் தீவுகளில் சாமான் விலை ஏன் ஏறுகிறது என்பது விளங்கிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வந்த சீமெந்துப் பை அங்கே இறங்குகிறது. தோளில் ஏறி வள்ளத்துக்குப் போகிறது. ஒரு மணி நேரக் கடலைத் தாண்டி நெடுந்தீவில் மறுபடி இறங்கி, மறுபடி லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏறுகிறது. ஒவ்வோர் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் கூலி. அரிசி மூட்டைக்கும் காஸ் சிலிண்டருக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் இதே வழிதான். வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆட்களுக்குப் பண்ணைப் பாலமும் தாம்போதிகளும் இருக்கின்றன. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆட்களுக்கு உப்பு வாங்கினாலும் கடல் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் விடுகிறது.

இப்படிப்பட்ட இடத்தில் மிச்சம் பிடிப்பது எப்படி என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பத்திரிகைகளில் வரும் சிக்கனக் குறிப்புகளைப் படிக்கும்போது எனக்கு ஒரு குறை தெரிகிறது. அவை எல்லாம் தனி ஆளிடம் பேசுகின்றன. நீ விளக்கை அணை, நீ வெளியே சாப்பிடாதே, நீ சில்லறையைப் போத்தலில் போடு. தீவுகளில் நான் பார்த்தது வேறு. தனியே மிச்சம் பிடித்த வீடு வயிற்றைக் கட்டியது, அவ்வளவுதான். நாலு பேரோடு சேர்ந்து மிச்சம் பிடித்த வீடுதான் கொஞ்சமாவது நிமிர்ந்தது.

வீட்டுச் சிக்கனத்தைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. பனை இருக்கும் வளவில் வீண் என்று ஒன்றைக் காட்டவே முடியாது. ஆடி, ஆவணியில் பழம் விழும். பழத்தைப் பிசைந்து களியைப் பாயில் ஊற்றிக் காயவிட்டால் பினாட்டு. கொட்டையைப் பாத்தி போட்டால் சில மாதத்தில் கிழங்கு. கிழங்கை அப்படியே கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கிழங்கு பிடுங்கிய கொட்டையை வெட்டினால் உள்ளே பூரான், பிள்ளைகளுக்கு. மிஞ்சிய ஊமல் அடுப்புக்கு. அது எரிந்த கரியில் பல் தீட்டிய தலைமுறை இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. காவோலை வேலிக்கு, பன்னாடையும் கொக்காரையும் அடுப்பு மூட்ட. ஒடியல் மாவில் கூழ் காய்ச்சினால், சந்தையில் விலைபோகாத சின்ன மீன், ஒரு பிடி முருங்கையிலை, நாலு பயிற்றங்காய், பலாக்கொட்டை என்று வீட்டில் தனித்தனியே கறிக்குக் காணாததெல்லாம் ஒரே பானைக்குள் சேர்ந்து பத்துப் பேருக்குச் சாப்பாடாகும். ஓலைப் பிளாவைக் கையில் பிடித்துக்கொண்டு வட்டமாக இருந்து குடிக்கும் சாப்பாடு அது. ஒருவருக்கென்று கூழ் காய்ச்சியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நெடுந்தீவில் வேலியும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலியை அடிக்கடி புதுக்கி அடைக்க வேண்டும். அது ஓயாத செலவு. நெடுந்தீவார் நிலத்தில் கிடக்கும் பவளக்கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கி மதில் கட்டினார்கள். சரிந்த இடத்தில் அதே கல்லை எடுத்து அடுக்கினால் போதும். வேலிக்கென்று ஒரு சதமும் வெளியே போவதில்லை.

ஆனால் இந்தப் புகழ்ச்சியை இங்கே நிறுத்தி ஒன்றைக் கேட்க வேண்டும். பினாட்டு ஊற்றியது யார்? வெயிலில் காவல் இருந்து காகம் கலைத்தது யார்? ஒடியல் இடித்தது, நல்ல தண்ணீர்க் கிணற்றடிக்குக் குடத்தோடு நடந்தது, கோழிக்கு முன்னம் எழும்பிப் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் வாழைக்கு ஊற்றியது யார்? அம்மம்மாமார்தான். வீட்டில் காசு மிஞ்சியதென்றால் அவர்களுடைய இடுப்பும் முழங்காலும் தேய்ந்துதான் மிஞ்சியது. அதை யாரும் கணக்கில் எழுதவில்லை. என் அம்மம்மா கடைசிக் காலத்தில் நிமிர்ந்து நடக்க முடியாமல் இருந்தா. "சும்மா இருந்து பழக்கமில்லை பிள்ளை" என்று சொல்லிக்கொண்டு படுத்த படுக்கையிலும் ஓலை வார்ந்துகொண்டிருப்பா. அந்தக் காலத்துச் சிக்கனம் திரும்ப வர வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள், அந்த உழைப்பை இன்று எந்தப் பெண்ணின் தலையில் வைக்கப் போகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கனமும் உண்டு. அது நாங்கள் விரும்பிச் செய்ததில்லை. 1990இல் போர் மறுபடி மூண்டபோது வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. 1990, 91இல் தீவுகளை விட்டு இடம்பெயர்ந்து வலிகாமத்தில் யாருடையவோ வளவில் ஒண்டியிருந்த குடும்பங்களுக்கு மண்ணெண்ணெய் துளித்துளியாகத்தான் கிடைத்தது. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதை நனைக்கும் அளவு எண்ணெய், மெல்லிய திரி. அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். சீனிக்குப் பதிலாக உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி, கடிக்கொரு மிடறு தேத்தண்ணி. இவற்றை எங்கள் கெட்டித்தனத்தின் கதைகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கெட்டித்தனந்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு சனத்தின்மேல் சுமத்திய தண்டனை என்பதையும் அதே மூச்சில் சொல்லாவிட்டால் கதை பாதிதான்.

நான் மதிக்கும் சிக்கனம் இந்த இரண்டுக்கும் அப்பால் இருக்கிறது. அதைத் தொடங்கச் சின்ன இடம் போதும். நயினாதீவிலோ நெடுந்தீவிலோ ஒருவர் யாழ்ப்பாணம் போகிறார் என்று தெரிந்தால் முதல்நாள் பின்னேரமே படலையடியில் ஆள் வந்துவிடும். "தம்பி, நாளைக்குப் போறியோ? இந்தத் துண்டைக் காட்டி மருந்து எடுத்துக்கொண்டு வாறியே?" "அண்ணை, அந்தப் பம்புக்கு ஒரு வாசர்." ஒருவருடைய படகுக்காசிலும் பஸ்காசிலும் ஐந்தாறு வீட்டு அலுவல் முடியும். மற்ற ஐந்தாறு பேரின் ஒருநாள் உழைப்பு ஊரிலேயே நிற்கும். அடுத்த கிழமை வேறொருவர் போவார். இதற்கு யாரும் கூலி கேட்பதில்லை. கணக்கும் எழுதுவதில்லை. ஆனால் யார் எப்போதும் சொல்லிவிடுகிறார், யார் ஒருநாளும் சுமந்து வருவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

இதையே காசில் செய்தால் சீட்டு. பத்துப் பேர் மாதம் ஐயாயிரம் போட்டால் ஐம்பதாயிரம். அவசரம் உள்ளவர் கழிவு கூறி எடுக்கிறார். நாலாயிரம் கழிவென்றால் அவருக்கு நாற்பத்தாறாயிரம் கிடைக்கும், கழிந்த நாலாயிரம் பத்துப் பேருக்கும் பிரியும். அவசரம் இல்லாதவர் பொறுத்திருந்து கடைசியில் எடுத்தால் வங்கி வட்டிக்கு மேலேயே மிஞ்சும். பொறுப்பு சீட்டை நடத்தும் தாச்சியுடையது. ஒருவர் கட்டாவிட்டால் தாச்சி தன் கையிலிருந்து போட வேண்டும். அதனால்தான் யாரைச் சேர்ப்பது என்று தாச்சி அவ்வளவு யோசிப்பார். என்ஜின் பழுது பார்த்ததும், வலை வாங்கியதும், பெட்டைக்குத் தோடு செய்ததும், பெடியனைக் கொழும்புக்கு அனுப்பியதும் இந்தக் காசில்தான். எத்தியோப்பியாவில் இதை எக்குப் என்கிறார்கள், மெக்சிக்கோவில் தாந்தா. வங்கிக் கதவு ஏழைக்குத் திறக்காத ஊர்களிலெல்லாம் மனிதர் தாங்களாகவே கண்டுபிடித்த வழி. எங்கள் ஆட்கள் அதைத் தொரன்டோவுக்கும் பாரிசுக்கும் கொண்டுபோனார்கள். தாச்சி காசோடு மறைந்த கதைகளும் உண்டு. அந்தக் கதைகள் பெரும்பாலும் ஒருவரையொருவர் சரியாக அறியாத பெரிய சீட்டுகளிலிருந்து வருகின்றன என்பது என் அனுபவம்.

பிடியரிசியும் இந்தக் குடும்பந்தான். உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போட்டுவிட்டுத்தான் அரிசி களைவார்கள். சேர்ந்தது கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கஷ்டப்பட்ட வீட்டுக்கோ போகும். அந்தப் பிடியால் அந்த வீட்டில் யாருக்கும் வயிறு காயவில்லை. நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாக் காலத்தில் அமுதசுரபி மடத்தில் வந்த சனமெல்லாம் இருந்து சாப்பிடுகிறது. வீட்டில் செத்தல் மிளகாயை எண்ணிப் போடுகிற கைகள்தான் அங்கே மூட்டை மூட்டையாகக் கொடுக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பொருந்தாததாகத் தோன்றலாம். எனக்கு இரண்டும் ஒரே குணமாகத்தான் தெரிகிறது. எண்ணிப் போட்டதே கொடுப்பதற்காக.

சீட்டைத் தாங்கும் இந்த நம்பிக்கைக்கு ஒரு விலை இருக்கிறது என்பதை எங்களுக்கு முன்னம் கண்டுகொண்டவை நுண்கடன் கம்பனிகள். 2009இல் போர் முடிந்த பிறகு வடக்கில் வந்து இறங்கி, பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்று கையெழுத்து வாங்கின. பார்வைக்குச் சீட்டு மாதிரியேதான். ஆனால் சீட்டில் கழிவு ஊருக்குள் பிரியும். இதில் வட்டி முழுவதும் ஊரை விட்டுப் போனது. அயலட்டை உறவையே ஈடாக எடுத்துக்கொண்டதால், தவணை தவறியபோது அந்த உறவும் அறுந்தது. கிழமைக் கூட்டத்தில் ஒருத்தி அழ, மற்றவர்கள் அவளைப் பேச வேண்டிய நிலை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை அரசே தள்ளுபடி செய்வதாக அறிவிக்கும் அளவுக்கு அது முற்றியது. அந்தக் கம்பனிகள் செய்தது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதம் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் ஏறியது. தொழிலுக்குப் போகிற வள்ளங்களுக்கு அதுதான் எரிபொருள். ஆசைகளை அடக்கி வங்கிப் புத்தகத்தில் போட்டு வைத்தவர்களுடைய காசு கண்முன்னே கரைந்தது. தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கி இந்த நாட்டில் 1885இலேயே தொடங்கியது. சதம் சதமாகச் சேர்க்கச் சொல்லித்தான் பரம்பரை பரம்பரையாகப் பிள்ளைகளை வளர்த்தோம். சித்திரை வருஷப்பிறப்புக்குக் கிடைத்த கைவிசேஷத்தைக்கூடச் செலவழிக்க விடவில்லை. அப்படிச் சேர்த்த ஒரு கிழவிக்கு, அவ என்ன பிழை விட்டா என்று நான் எப்படி விளங்கப்படுத்துவது? அவவில் ஒரு பிழையும் இல்லை.

அந்த மாதங்களில் நான் அறிந்த இரண்டு வள்ளத்துக்காரர் ஒரு வள்ளத்தை இழுத்துக் கரையில் விட்டுவிட்டு மற்றதில் சேர்ந்து தொழிலுக்குப் போனார்கள். எண்ணெய்ச் செலவும் பாதி, மீனும் பாதி. நாலு வீடுகள் ஒரே அடுப்பில் மாறி மாறிப் பாண் சுட்டன. காசு காக்காதபோது காத்தது இதுதான்.

வீட்டுக்குள் எவ்வளவு இறுக்கினாலும் எட்டாத செலவுகளும் இருக்கின்றன. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் மின்சாரம் டீசல் ஜெனரேற்றரில் வருகிறது. அந்த டீசலும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். எந்த வீட்டுக்காரி பல்ப்பை அணைத்தாலும் அந்தச் செலவு பெரிதாகக் குறையாது. இந்த மூன்று தீவுகளுக்கும் சூரியனும் காற்றும் சேர்ந்த மின்திட்டத்துக்கு இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் 2024 மார்ச் 1ஆம் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தானது. காற்றும் வெயிலும் எங்களிடம் எப்போதும் தாராளமாகவே இருந்தன. உண்மையான மிச்சம் ஊர் முழுதுக்குமான அந்த அளவில்தான் கிடைக்கும். தண்ணீரும் அப்படி, படகும் அப்படி.

வெளிநாட்டிலிருந்து வரும் காசு எங்கள் தீவுகளில் எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது. அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அந்தக் காசு வீடு வீடாகத் தனித்தனியே வந்ததால் மதில்கள் உயர்ந்தன, வீட்டுக்கு வீடு தனிக் கிணறு, தனிப் பம்பு, தனி மோட்டார் சைக்கிள் வந்தன. கூட்டுறவுச் சங்கக்கடை இளைத்தது. படலையடியில் சொல்லிவிட வரும் ஆட்கள் குறைந்தார்கள். ஆளில்லாத வீட்டுக்கு வர்ணம் பூச அனுப்பும் காசில் ஒரு பங்கு இருந்தால், கடைகள் சேர்ந்து மாதம் ஒருமுறை மொத்தமாகச் சாமான் இறக்கலாம், சங்கக்கடைக்கு ஒரு குளிர்பெட்டி வாங்கலாம், மீனை அடிமாட்டு விலைக்குக் கொடுக்காமல் ஒருநாள் வைத்திருக்கலாம்.

ஆகவே தீவுகளில் பிறந்து எங்கோ இருந்து இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை அம்மாவுக்கோ அக்காவுக்கோ காசு அனுப்பும்போது, ஊரிலுள்ள மாதர் சங்கத்துக்கும் ஒரு தொலைபேசி எடுங்கள். உங்கள் திட்டத்தைச் சொல்லாதீர்கள். அவர்கள் எதைச் சேர்ந்து வாங்கினால் எத்தனை வீட்டுச் செலவு குறையும் என்று கேளுங்கள். அந்தக் கணக்கு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.