தண்டையலின் பங்கு

திருக்கோவிலிலிருந்து கல்முனை வரையுள்ள கரையிலே கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தோணியை நடத்தும் தலைவனைத் தண்டையல் என்பது வழக்கு. நீரின் நிறமாற்றங் கண்டு வலை வளைக்கும் இடத்தை அறிபவன் அவன். ஆனால் தோணியும் வலையும் முதலாளியுடையவை. மீன் விற்ற பணத்தில் செலவும் முதலுக்குரிய பங்கும் கழிந்த பின்னரே, எஞ்சியது உழைத்த கைகளைச் சேர்கிறது.

முதலிட்டவனுக்கும் ஆபத்துண்டே என்பர். உண்டு, அது பொருளுக்கு. தண்டையல் பணயம் வைப்பதோ உயிரை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில், இலங்கையிலேயே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். தோணியை மீண்டும் செய்யலாம், உயிரை?

எனினும் தண்டையலையும் ஒரு கேள்வி விடாது. அவனது கடலறிவு தலைமுறைகள் சேர்த்த பொதுச் செல்வம். அதைக் காட்டி, உடன் துடுப்பு வலிப்பவனினும் மிகுதியாகக் கேட்பது அறமாகுமா? கடல் ஆள்பார்த்து அடிப்பதில்லை; பங்கு மட்டும் ஏன் ஆள்பார்க்க வேண்டும்?