அளந்து பார்க்கும் செலவு யாருடையது?

பீங்கான் விளக்கைச் சூளையில் ஏற்றும் முன் மெருகில் முக்குவார்கள். வாளியில் பால்போலக் கரைத்து வைத்த கூழ். ஒரே முக்கு. எடுத்த கையோடு அடிப்பாகத்தை ஈரப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சூளையில் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பஞ்சை அலசிய தண்ணீரைக் கொல்லைப்புறத்தில் கொட்டினால் அது மண்ணில்தான் இறங்கும். உடைந்த சில்லும் அங்கேதான் குவியும். கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தின் பீங்கான் கொட்டகைகள் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது இப்படிப்பட்ட வேலையால்தான்.

அந்தக் கூழில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. இந்தக் கொட்டகைகளில் செய்யும் இன்சுலேட்டரும் பியூஸ் கட்டையும் 1,200 டிகிரியை ஒட்டிய சூட்டில் வேகின்றன. அவற்றின் மெருகுக்கு ஈயம் தேவையில்லை. குறைந்த சூட்டில் பளபளப்பு வேண்டுமென்றால் ஈய ஆக்சைடு கைகொடுக்கும். பளிச்சென்ற சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காட்மியம். எந்தக் கொட்டகையில் எந்த ஆண்டு எதைக் கரைத்தார்கள் என்று பூட்டிப்போன கொட்டகையின் ஏடு காட்டாது. மண்தான் சாட்சி சொல்ல வேண்டும். ஈயம் மட்கிப்போகும் பொருளல்ல. குழந்தையின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அந்தச் சாட்சியத்தைக் கேட்க அரசு பணம் கொடுக்க வேண்டுமா? கெடுத்தவர்தானே கொடுக்க வேண்டும் என்பார்கள். நியாயமான பேச்சு. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் அதைத்தான் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. ஆனால் கெடுத்தவர் யார், கெட்டதா இல்லையா என்பதே தெரியாதபோது யாரிடம் போய்ப் பணம் கேட்பது? ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆன பிறகும், அது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்தது. ஆலை போய்விட்டது, மலை நின்றுவிட்டது. துப்புரவுச் செலவைக் கெடுத்தவரிடம் வாங்கட்டும். கண்டறியும் செலவை அதோடு முடிச்சுப் போட்டால் இரண்டும் நடக்காது. அமெரிக்கா 2002-ல் கொண்டுவந்த சட்டம், கைவிடப்பட்ட தொழில் நிலங்களைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே உள்ளாட்சிகளுக்குத் தனி மானியம் கொடுக்க வழி செய்தது. இந்தியாவில் 2025 ஜூலையில்தான் மாசடைந்த இடங்களுக்கான விதிகள் வந்தன. அப்போது நாடு முழுவதும் கண்டறியப்பட்டிருந்த இடங்கள் 103. சீரமைப்பு தொடங்கியவை 7.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பியூஸ் கட்டை இருந்த இடத்தில் வீட்டுக்கு வீடு எம்.சி.பி. என்ற தானியங்கி மின்துண்டிப்பான் வந்துவிட்டது. மோர்பி, குர்ஜா, சீனா என்று நாலு பக்கமும் போட்டி. தள்ளாடி நிற்கும் ஊர்மேல் ‘நஞ்சு மண்’ என்ற பெயரும் விழுந்தால் மனை விலை போகும், வங்கிக் கடன் நிற்கும், மிச்சமிருக்கும் சூளையும் அணையும். வயிறு காயும்போது மண்ணைச் சோதித்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு தொழிலாளி கேட்டால் அதை அலட்சியம் செய்ய யாருக்கும் உரிமையில்லை. சோதனை முடிவைக் கையில் கொடுத்துவிட்டு அரசு விலகிக்கொள்ளுமானால், அவர் சொல்வதே சரி. அப்படிப்பட்ட சோதனை கொடுமை.

ஆனால் தெரியாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர்கள் சில்லுக் குவியலில் விளையாடும் பிள்ளைகள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இதே கடலூர் மாவட்டத்தின் கடலோரத்தில், சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் 2004-ல் தாங்களே வாளியில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த குறியீட்டில் கடலூர் பெற்ற மதிப்பெண் 77.45. 70-ஐத் தாண்டினாலே மிக மோசமாக மாசடைந்த பகுதி என்று பொருள். மூக்கை எரித்த காற்றை மெய்ப்பிக்கும் வேலை, அதைச் சுவாசித்தவர்கள் தலையிலேயே விழுந்தது. அது தர்மம் ஆகாது.

விருத்தாசலத்தில் அரசு வெளியாள் இல்லை. பீங்கான் தொழிலை இங்கே வளர்த்ததும் அதற்கென்று கல்வி நிறுவனம் வைத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததும் அரசுதான். சோதனைப் பணத்தை உதவி என்று சொல்வதே தவறு, அது பாக்கி. அந்தப் பாக்கியோடு வேறு சிலவும் சேர்ந்தே வர வேண்டும்: ஈயமில்லா மெருகுக்கு மாறச் சிறு கொட்டகைக்குக் கைத்தாங்கல், பிள்ளைகளுக்கு இரத்தப் பரிசோதனை, முடிவுகள் தமிழில், நகராட்சிச் சுவரில், எல்லார் கண்ணிலும் படும்படி. மண் சுத்தம் என்று வந்தாலும் அதையும் அங்கேயே ஒட்ட வேண்டும். வீண் பழியிலிருந்து ஊர் தப்பிக்கும்.

புதிய விதிகளின்படி, மாசு இருக்கலாம் என்று சந்தேகிக்கும் இடங்களின் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டியது மாவட்ட நிர்வாகம். ஊர் மக்கள் வாளி தூக்கும்வரை கடலூர் மாவட்ட நிர்வாகம் காத்திருக்க வேண்டாம். பூட்டிக் கிடக்கும் கொட்டகைகளின் கொல்லைப்புறத்திலிருந்து முதல் பிடி மண்ணை எடுக்கட்டும்.