பதிவேட்டிற் பொய்யுரைத்தல்: இணைய முகவரிகள் குறித்த ஓர் அறவியல் நோக்கு

பொய்யுரைத்தலை ஆராயும் அறவியலாளர் பெரும்பாலும் உரைப்பவன், கேட்பவன் என இருவரையே மனத்திற் கொள்வர். கொலைகாரன் ஒருவன் வாயிலில் நின்று, தான் தேடிவந்தவன் உள்ளே இருக்கின்றானா என வினவும் எடுத்துக்காட்டு மெய்யியல் மாணவர் நன்கறிந்தது. உண்மையைப் பெறும் உரிமை இல்லாதவனுக்கு அதனை உரைக்கும் கடமையும் இல்லை என்றார் பெஞ்சமின் கொன்ஸ்ரன். அதனை மறுத்து, அக்கொலைகாரனுக்கும் பொய்யுரைத்தல் ஆகாது என 1797இல் இம்மானுவல் கான்ற் வாதிட்டார். இவ்விவாதத்தில் வாயிலில் நிற்பவன் ஒருவனே. உலகத்தார் அனைவரும் ஒருங்கே வாயிலில் நின்று வினவுவாராயின் யாது செய்வது? இணையத்தில் டொமைன் எனப்படும் ஆள்களப் பெயரொன்றைப் பதிவுசெய்தோர் பல்லாண்டுகளாக எதிர்கொண்ட நிலை இதுவேயாகும்.

இணையத்தளத்திற்கு ஆள்களப் பெயர் வேண்டுவோர் தம் பெயர், அஞ்சல் முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றைப் பதிவு முகவர் நிறுவனத்திடம் அளித்தல் வேண்டும். அவ்விவரங்கள் 'ஹூஇஸ்' என்னும் பதிவேட்டில் எவரும் காணுமாறு வைக்கப்பட்டன. இதன் தோற்றத்தை நோக்கினால் இதிற் குற்றம் காண்பதற்கில்லை. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற் வலையமைப்பைப் பயன்படுத்துவோர் தம் பெயரையும் முகவரியையும் பதிந்துகொள்ளுமாறு 1982இல் கேட்கப்பட்டனர். பயனாளரின் தொகை சிறிதாயிருந்த காலத்தில் அது ஒரு தொலைபேசிக் கையேடு, அவ்வளவே. பின்னர் வணிகரும் பொதுமக்களும் பல கோடியாகப் பெருகினர். 1998இல் ஐகான் அமைப்பு நிறுவப்பட்டது. கையேடு மட்டும் அனைவர்க்கும் திறந்தபடியே இருந்தது.

இந்நிலையிற் பலர் பொய்யெழுதினர். போலி மருந்து விற்பவன் எழுதினான். கொடுமை செய்யும் கணவனிடமிருந்து தப்பி வேற்றூரில் வாழும் பெண்ணும் எழுதினாள். ஐகானுக்காக மேற்கொள்ளப்பட்டு 2010இல் வெளிவந்த ஆய்வொன்று, தான் சோதித்த பதிவுகளுள் ஏறத்தாழ 23 சதவீதமே முற்றிலும் திருத்தமானவை எனக் கண்டது. எஞ்சியவை யாவும் பொய் என்று கொள்ளலாகாது. எழுத்துப்பிழையும் வீடு மாறியமையும் அவற்றுள் அடங்கும். எனினும், தன் வீட்டை உலகிற்குக் காட்டி நிற்கும் சுமை உண்மை எழுதியோர் மீதே விழுந்தது என்பதில் ஐயமில்லை. ஏமாற்றுவோனைப் பிடிக்க விரித்த வலையில் அவன் அகப்படாது, நேர்மையாளர் மட்டுமே தம்மை வெளிப்படுத்தி நிற்பாராயின், அவ்விதியை இயற்றியோரும் அறவினாவிற்கு விடையளிக்கக் கடமைப்பட்டவரே.

சட்டம் இதில் ஒரு வேறுபாட்டைக் கண்டுள்ளது. அமெரிக்காவில் 2004இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின்படி, பாரிய குற்றமொன்றைப் புரிகையில் பொய்யாகப் பதிவுசெய்த ஆள்களப் பெயரைத் தெரிந்தே பயன்படுத்தியவனின் அதியுயர் சிறைத்தண்டனை இரட்டிப்பாகலாம், அல்லது ஏழாண்டுகளால் உயரலாம்; இரண்டினுட் குறைந்தது எதுவோ அது பொருந்தும். பொய் இங்கு தனிக் குற்றமன்று, குற்றத்தைக் கனமாக்குவது. ஐகானின் ஒப்பந்த விதியோ நோக்கத்தை வினவுவதில்லை. வேண்டுமென்றே பிழையான விவரம் அளித்தவரின் பெயர் எக்காரணத்திற்காயினும் நீக்கப்படலாம். அறவுணர்வுக்கு முன்னதே அணுக்கமானது என்பது என் கருத்து. வாய்மையைத் தீங்கின்மையோடு இணைத்து வரையறுத்த வள்ளுவரைப் பயின்றோர்க்கு இது புதிதன்று.

ஆயின் வள்ளுவரைத் துணைக்கழைத்து, தீங்கில்லாப் பொய் இதுவென இலகுவில் விடுபடவும் இயலாது. 2013ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் மின்னஞ்சலோ தொலைபேசியோ உண்மையில் இயங்குகின்றதா எனச் சோதிக்கப்படுகின்றது. அஞ்சல் முகவரியோ உரிய வடிவில் அமைந்துள்ளதா என்றே பெரும்பாலும் பார்க்கப்படுகின்றது. எனவே பொய்யெழுதுபவர் மெய்போன்ற தெருவையும் மெய்போன்ற இலக்கத்தையும் தேடுகின்றார். மெய்போன்ற முகவரி பெரும்பாலும் எவரோ ஒருவரின் மெய்யான வீடு. இணையத்தளத்தால் ஏமாந்தவரின் கடிதமும், வழக்கறிஞரின் அறிவித்தலும், சில வேளை சினங்கொண்ட மனிதனும் அவ்வீட்டு வாயிலையே சென்றடைவர். கொன்ஸ்ரன் கூறிய கொலைகாரனை வழிமாற்றி அயலவன் வீட்டிற்கு அனுப்புதலை இது ஒக்கும். உண்மையைப் பெறும் உரிமை வினவியவனுக்கு இல்லாதிருக்கலாம். அயலவனுக்கோ அமைதியாக உறங்கும் உரிமை உண்டு.

புனைபெயரில் எழுதுவதும் இதுவும் ஒன்றே எனச் சிலர் கூறக்கூடும். நம் எழுத்தாளர் பலர் புனைபெயராலேயே அறியப்பட்டோர். எவரும் அவர்களைப் பொய்யர் என்பதில்லை. புனைபெயர் முகத்தை மறைக்கின்றதேயன்றி, இன்னொருவரின் முகத்தைக் காட்டுவதில்லை. மேலும் அச்சுத்துறை இச்சிக்கலுக்கு ஏலவே ஒரு வழி கண்டிருந்தது. பிரித்தானியாவின் 1799ஆம் ஆண்டுச் சட்டமொன்று அச்சிட்டவரின் பெயரும் இருப்பிடமும் அச்சுத்தாளிற் பொறிக்கப்படவேண்டும் என விதித்தது. அரசுக்கெதிரான கழகங்களை ஒடுக்க எழுந்த சட்டம் அது, அதனைப் போற்றுவதற்கில்லை. ஆயினும் பொறுப்பேற்கும் ஒருவரின் முகவரி தெரிந்திருக்க, எழுதியவர் மறைந்திருத்தல் கூடும் என்பதை அது தன்னையறியாமலே காட்டிற்று.

பதிவேடு இவ்வழிக்கு வந்துசேர நெடுங்காலம் சென்றது. தம் பெயருக்குப் பதிலாக முகவர் பெயரை இடும் சேவைகள் முதலிற் பெரும்பாலும் கட்டணத்திற்கே கிடைத்தன. மறைவு பணமுள்ளோரின் வசதியாயிற்று. 2018 மே 25இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்தபின், தனியாட்களின் விவரங்கள் பொதுப் பார்வையிலிருந்து பெரும்பாலும் நீக்கப்பட்டன. பொதுவகை ஆள்களப் பெயர்களைப் பொறுத்தவரை, பழைய 'ஹூஇஸ்' சேவையை வழங்கும் கட்டாயமும் 2025 சனவரியில் முடிவுற்றது. விவரம் இப்போது முகவரிடம் இருக்கும். தக்க காரணங்காட்டி வேண்டுவோர்க்கு அது வெளிப்படுத்தப்படலாம்.

ஆதலால் நான் மேலே குறிப்பிட்ட பெண்ணுக்குப் பொய்யெழுதவேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிட்டது. விளம்பரக் கடிதங்களுக்கு அஞ்சிப் பொய்யெழுதுவோர்க்கு இனி நியாயமே இல்லை. எஞ்சி நிற்போர், தாம் விமர்சிக்கும் அரசின் ஆணைக்கு முகவரும் கட்டுப்பட்டுள்ள நாடுகளில் வாழ்வோர். அவர்களிடம் கான்றின் கண்டிப்பை எதிர்பார்க்க நான் துணியேன். ஆயினும் அவர்கள் முதலில் நாடத்தக்க வழியொன்று உண்டு: வேற்று நாட்டில் வாழும் நண்பர் ஒருவரின் இசைவுடன் அவர் பெயரிற் பதிவுசெய்தல். அந்நண்பர், வரக்கூடிய கடிதங்களையும் வழக்குகளையும் நன்கறிந்தே, தம் உண்மை முகவரியை எழுதிக் கொடுக்கின்றார்.