பூட்டிய கணினியும் மர்ஹூமின் மானமும்

குடும்பத் தலைவர் ஒருவர் திடீரென வஃபாத்தாகி விடுகிறார். கொடுக்கல் வாங்கல் கணக்கெல்லாம் அவருடைய கணினியில் இருக்கிறது. அதைத் திறக்கும் கடவுச்சொல்லோ அவரோடு கபுறுக்குப் போய்விட்டது. வாரிசுகள் என்ன செய்வது? திறக்க முடியுமா என்பது ஒரு கேள்வி. திறக்கலாமா என்பது வேறு கேள்வி. முன்னதைக் கணினி மெக்கானிக்கிடம் கேட்கலாம். பின்னதை நம் ஈமானிடம்தான் கேட்க வேண்டும்.

பல பழைய விண்டோஸ் கணினிகளில் கடவுச்சொல் என்பது வாசற்பூட்டு மாத்திரமே. உள்ளிருக்கும் கோப்புகள் பூட்டப்படுவதில்லை. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தால், அல்லது லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் மூலம் இயக்கினால், அவற்றைப் படித்துவிடலாம். ஆனால் பிட்லாக்கர் போன்ற ஏற்பாட்டால் டிஸ்க் முழுவதும் சங்கேதமாக்கப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலோ, அச்சிட்டு வைத்த தாளிலோ அது இருக்கக்கூடும். அது இல்லையேல் கைதேர்ந்தவரும் கையை விரித்து விடுவார். “எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கித் தருகிறேன்” என்று கடைக்காரர் சொன்னால் இணங்காதீர்கள். கணினி கிடைக்கும், கணக்கு போய்விடும்.

சரி, திறக்கலாமா? பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதைத் திருமறை (49:12) தடுத்திருக்கிறது. மரணத்தால் ஒரு முஸ்லிமின் மானம் அழிந்துவிடுவதில்லை. “சொத்து இப்போது எங்களுடையதுதானே!” என்று வாரிசுகள் கூறலாம். கணினி அவர்களுடையதுதான். ஆனால் அதனுள் பிறர் அவரை நம்பி எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அவை அமானிதம் அன்றோ?

அப்படியானால் மானம் காக்கிறோம் என்று பூட்டியபடியே விட்டுவிடலாமா? அதுவும் கூடாது. கடனையும் வஸிய்யத்தையும் நிறைவேற்றிய பின்னரே வாரிசுப் பங்கீடு என்பது திருமறையின் (4:11) சட்டம். கணக்கைப் பாராமல் கடனை எப்படி அடைப்பது?

கனடாவில் நடந்ததைப் பாருங்கள். குவாட்ரிகா என்ற கிரிப்டோ நாணய நிறுவனத்தின் தலைவர் ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்தார். வாடிக்கையாளரின் பணமெல்லாம் அவர் மட்டுமே அறிந்த கடவுச்சொற்களுக்குப் பின்னே கிடப்பதாக நம்பப்பட்டது. துருவிப் பார்த்தபோது பணமே இல்லை. நடந்தது மோசடி என்று ஒன்டாரியோ பங்குச்சந்தை ஆணையம் 2020ல் அறிவித்தது. சுமார் 76 ஆயிரம் பேருக்கு நேர்ந்த இழப்பு குறைந்தது 16 கோடியே 90 லட்சம் கனடா டாலர். பிறர் ஹக்கு சிக்கியிருக்கும் இடத்தில் பூட்டை மதித்து நிற்பது பேணுதல் ஆகாது.

திறப்பதும் கடமை, மறைப்பதும் கடமை என்றால் எப்படி நடந்துகொள்வது? மய்யித்தைக் குளிப்பாட்டுகிறவரைப் பாருங்கள். தொடாமல் அவர் கடமை நிறைவேறாது. ஆயினும் மறைக்க வேண்டியதைத் துணியால் மறைத்தே குளிப்பாட்டுகிறார். கண்ட குறையை வெளியே சொல்வதில்லை. கணினிக்கும் இதுவே முறை. எந்தக் கடமை திறக்க அனுமதித்ததோ, அதுவே எல்லையும் வகுக்கிறது.

ஆகவே வாரிசுகள் கலந்து பேசி, நம்பிக்கையான இருவர் முன்னிலையில் திறக்கட்டும். டிஸ்கைக் கடையில் விட்டு வராமல் உடனிருக்கட்டும். கடன், அமானிதம், ஜகாத், வஸிய்யத் ஆகியவை பற்றிய கோப்புகளை மட்டும் எடுக்கட்டும். அந்தரங்கக் கடிதங்களையும் படங்களையும் திறக்க வேண்டாம். தற்செயலாகக் குறை ஏதும் கண்ணில் பட்டால், அதில் பிறர் ஹக்கு இல்லாதவரை நாவைக் காக்கட்டும்.

உயிரோடிருக்கும் கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகளின் கணினியைத் திருட்டுத்தனமாகத் திறப்பதற்கு இது ஆதாரமாகாது. அவர்களிடம் கேட்க நமக்கு வாயிருக்கிறதே!

வஸிய்யத் செய்ய வேண்டியவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்பது நபிமொழியின் கருத்து. கடன் விவரத்தையும், கணக்கு எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதையும், அதைத் திறக்கும் வழியையும் எழுதி, உறையிலிட்டு, நம்பகமானவரிடம் இன்றே ஒப்படையுங்கள். பிள்ளைகள் பார்க்கக் கூடாதது ஏதும் கணினியில் இருந்தால், அதை அழித்துத் தவ்பாச் செய்யவும் இன்றுதான் நேரம்.

பிறர் குறையை மறைப்போரின் குறையை மறுமையில் மறைக்கும் வல்ல அல்லாஹ், ஹக்குகளை நிறைவேற்றிவிட்டு அவனைச் சந்திக்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.