கேட்பதும் புரிவதும்

“பாட்டிக்கு வேண்டியது மட்டும் காதில் விழும்!” இப்படிச் சொல்லாத குடும்பம் உண்டோ? நாமும் ஒருமுறை அவ்வாறே எண்ணினோம். பங்கின் மூதாட்டி ஒருவர், அறையில் தனித்துப் பேசும்போது தெளிவாக விடையளிப்பார். திருப்பலி முடிந்து கோவில் வாசலில் எதையேனும் கேட்டால், தொடர்பின்றித் தலையசைப்பார். கவனமற்றவர் என்று மனத்துள் தீர்ப்பிட்டோம்.

அத்தீர்ப்பு அநீதியானது என்பதைச் செவித்திறன் சோதனைகளைப் பற்றி அறிந்தபோது உணர்ந்தோம். வழக்கமான சோதனை அமைதியான அறையில் நிகழ்கிறது. 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை எவ்வளவு மெல்லியதாகக் கேட்க முடிகிறது என்று அளக்கிறார்கள். முதுமையில் பெரும்பாலும் முதலில் மங்குவது உயர் அதிர்வெண் ஒலிகளே. உயிரொலிகள் வலியவை; செவியை எட்டிவிடும். வல்லின மெய்களோ இரைச்சலில் எளிதில் மறையும். ‘பால்’ என்பதற்கும் ‘கால்’ என்பதற்கும் வேறுபாடு தோன்றாது. யாரோ பேசுவது கேட்கும். பேசியது என்னவென்று புரியாது.

இதனை அறியவே இரைச்சலின் நடுவே வாக்கியங்களை ஒலிக்கச் செய்யும் சோதனைகள் உருவாயின. அமெரிக்காவில் 1977-இல் வெளியான ஒரு சோதனையில், பலர் ஒருசேரப் பேசும் இரைச்சலினூடே ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் திரும்பச் சொல்ல வேண்டும். பாதி வாக்கியங்களில் அச்சொல்லை முன்வரும் சொற்களைக் கொண்டு ஊகிக்கலாம். மறுபாதியில் ஊகிக்க வழியில்லை. அமைப்பில் எளிதான இச்சோதனை நம் ஏளனத்துக்கு விடை தருகிறது. பழகிய செய்தியை மனம் ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. புதிய செய்தி கைநழுவிப் போகிறது. “வேண்டியது மட்டும் கேட்கும்” என்று நாம் நகைப்பது பெரும்பாலும் இதைத்தான். அந்தத் தலையசைப்பும் பாசாங்கன்று, மீண்டும் மீண்டும் “என்ன?” என்று கேட்க நாணும் உள்ளத்தின் அடைக்கலம்.

செவியுள்ளவரும் சிலவேளை கவனியாமல் இருப்பதுண்டு. ஆயினும் ஐயம் எழும்போது, குறையை முதலில் பிறரிடம் தேடுவது அன்பின் வழியாகுமா? சோதனை கேட்பவரையே அளக்கிறது. ஆனால் ஒரு பேச்சு புரியாமற் போனால், விரைந்து பேசியவரும், முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசியவரும் அதில் பங்குள்ளவரே.

மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில், காதுகேளாதவரை இயேசு முதலில் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் செல்கிறார். அதன் பின்னரே குணமாக்குகிறார். செவியைத் திறக்கும் ஆற்றல் நமக்கில்லை. கூட்டத்தைவிட்டுச் சற்று விலகி, முகம் நோக்கி, நிறுத்திப் பேச நம்மால் இயலும். அடுத்த ஞாயிறு அம்மூதாட்டியிடம் அவ்வாறே பேசினோம். அவர் தலையசைக்கவில்லை, விடை சொன்னார்.